வாசலில் மூன்று ஜோடி

1

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டுச் செருப்புகளைப் பற்றி எனக்கு ஒரு கடிதம் வந்தது. செருப்புக்கெல்லாமா கடிதம் போடுவார்கள் என்று கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்துகொண்டு கேட்பீர்கள். இது ஜெர்மனி. இங்கே குப்பைத்தொட்டியின் மூடி சரியாக மூடாவிட்டால்கூட கடிதம் வரும். அதுவும் தேதி, கையெழுத்து, கோப்பு எண் சகிதமாக வரும்.

எங்கள் கட்டடத்தின் பராமரிப்பை ஒரு புது நிர்வாகக் கம்பெனி எடுத்திருக்கிறது. அவர்களுடைய ஆள் மாடி மாடியாக ஏறிப் போட்டோ பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். "படிக்கட்டு என்பது தீ விபத்தின்போது தப்பிக்கும் வழியாகும். இரண்டாம் மாடி இடதுபக்க வீட்டின் வாசலில் கீழ்க்கண்டவை காணப்பட்டன" என்று ஆரம்பித்து ஒரு பட்டியல். ஆண்கள் காலணி இரண்டு ஜோடி. பெண்கள் செருப்பு ஒரு ஜோடி. விளையாட்டுக் காலணி ஒரு ஜோடி. சிறுவர் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, சிவப்பு, அளவு இருபத்தேழு. பதினான்கு நாளுக்குள் எடுக்காவிட்டால் அவர்களே எடுத்துவிட்டு, எடுத்த கூலியை நம் தலையில் கட்டுவார்களாம்.

கடிதத்தை எனக்கு வாசித்துச் சொன்னது என் மகள் நிவேதா. பதிமூன்று வயது. ஒன்பது வருடமாக இந்த ஊர்ச் சோற்றைத் தின்றும் இவர்களுடைய கடித ஜெர்மன் எனக்குப் பிடிபடவில்லை. நான் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். பேரிங் தேய்ந்திருந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஆனால் வந்த கடிதம் திட்டுகிறதா, வாழ்த்துகிறதா என்று கேட்டால் மகளைத்தான் கூப்பிட வேண்டும்.

நிவேதா பட்டியலின் கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

"அப்பா, நம்ம வீட்ல சின்னக் குழந்தையே இல்லையே. எப்பவும் அங்கேயே கிடக்கே, இந்தச் சிவப்பு பூட்ஸ் யாரோடது?"

"உன்னோடதுதான்."

"நான் போட்ட மாதிரி ஞாபகமே இல்லை."

ஞாபகம் இருக்காது. அவள் அதைப் போட்டதே இல்லை. அந்த பூட்ஸைப் போட்டது நான். அதுவும் காலில் இல்லை, கையில்.

2

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனி, ஒன்பது வருடத்துக்கு முன்னால் என்னை ஜெர்மனியில் இருக்கிற தன் தலைமைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவைத்தது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். வந்து இறங்கியதும் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல் உள்ள அறையைக் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் சொந்தமாக வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். என் மனைவி கஸ்தூரியும் நான்கு வயது நிவேதாவும் ஊரில் இருந்தார்கள். "மூணே மாசம், அப்புறம் நீங்க இங்க" என்று விமான நிலையத்தில் பெரிய மனிதன் மாதிரி சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

விசா அலுவலகத்தில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். குடும்பம் வர வேண்டுமா? மூன்று பேர் இருக்கப் போதுமான வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் கொண்டு வா. ஒப்பந்தம் இல்லையா? அடுத்த ஆள் வரலாம்.

எனக்கு அப்போது தெரிந்த ஜெர்மன், நாற்பது மணி நேர வகுப்பு ஜெர்மன். வணக்கம், நன்றி, ஒன்றிலிருந்து இருபது வரை எண்கள், "என் பெயர்", "எனக்கு ஆப்பிள் பிடிக்கும்". ஆப்பிளைப் பற்றி இந்த ஊரில் எவனும் இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை. வீட்டு விளம்பரத்தைப் பார்த்துப் போன் பண்ணுவதற்கு, பேச வேண்டியதை ஜெர்மன் உச்சரிப்பில் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வேன். "வணக்கம். விளம்பரம் பார்த்தேன். வீடு இன்னும் இருக்கிறதா?" அழகாகப் படித்துவிடுவேன். அந்தப் பக்கத்தில் இருப்பவர் கடகடவென்று பதில் சொல்வார். என் கேள்வி தாளில் இருந்தது, அவர் பதில் தாளில் இல்லை. நன்றி என்று சொல்லி வைத்துவிடுவேன். வீடு இருந்ததா, போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது.

சில இடங்களில் நேரில் பார்க்கக் கூப்பிட்டார்கள். முதல் வீட்டில் சமையலறை என்று ஒரு வெற்று அறையைக் காட்டினார்கள். சுவரிலிருந்து இரண்டு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் பழைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போய்விட்டாராம். இந்த ஊரில் அதுதான் வழக்கமாம். எங்கள் ஊரில் வீடு காலி செய்கிறவன் பல்பைக் கழற்றிக்கொண்டு போனாலே தெருவில் நின்று சண்டை போடுவோம்.

போதாதற்கு நம்மைப் பற்றி நாமே ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் புகைபிடிப்பதில்லை. நாய் இல்லை, பூனை இல்லை. எந்த வாத்தியமும் வாசிப்பதில்லை. பெண் பார்க்கப் போனபோதுகூட என்னைப் பற்றி நான் இவ்வளவு நல்லவிதமாகச் சொன்னதில்லை. பதில் கடிதங்கள் ஒழுங்காக வந்தன. எல்லாவற்றிலும் "லைடர்" என்று ஒரு சொல் இருந்தது. வருந்துகிறோம் என்று அர்த்தம். நான் புத்தகத்தைப் பார்க்காமல் கற்றுக்கொண்ட முதல் ஜெர்மன் சொல் அது.

இதில் ஒரு கூத்து. இவர்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். எனக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முனுசாமி என்று இருக்க, நான் திரு. முனுசாமி ஆகிவிட்டேன். டில்லிபாபு என்கிற என் பெயரை எவனும் சீந்தவில்லை. "மதிப்பிற்குரிய திரு. முனுசாமி, தங்களுக்கு வீடு தர இயலாததற்கு வருந்துகிறோம்." இப்படி முப்பத்தெட்டுக் கடிதம். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினேன்.

"இன்னாடா இது, எம்பேர்ல லெட்டர் வந்துகீது? எனுக்கு எதுக்குடா ஊடு? எனுக்குதான் பத்து ரூமு கீதே!"

அந்தப் பத்து ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் ஆறு ஜோடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

3

எங்கள் பக்கத்தில் வீடு பார்க்கப் போகிறவன் தனியாகப் போக மாட்டான். ஒருத்தன் பேச, ஒருத்தன் குழாயைத் திறந்து பார்க்க, ஒருத்தன் சுவரைத் தட்டிப் பார்க்க, ஒருத்தன் வாடகையைக் குறைக்க. ஆள்பலத்தோடு போனால்தான் வீட்டுக்காரன் மதிப்பான். அந்த ஞானத்தை நான் பெட்டியில் ஊறுகாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

இரண்டாவது மாதக் கடைசியில் ஒரு நல்ல வீடு பார்க்கக் கிடைத்தது. மூன்று அறை, நிவேதா விளையாடப் பின்னால் புல்வெளி, சமையலறையில் அடுப்புகூட இருந்தது. விடக்கூடாது என்று ஐந்து பேரைத் திரட்டினேன். நான்கு பேர் என் கம்பெனித் தமிழ்ப் பையன்கள். ஐந்தாவது ஆள் குலம் அண்ணன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாக இங்கே இருப்பவர், ஜெர்மனை ஜெர்மன்காரன் மாதிரி பேசுவார்.

காலி செய்யப்போகிற குடித்தனக்காரர் கதவைத் திறந்துவிட்டு, வீட்டுக்கார அம்மாள் பத்து நிமிடத்தில் வருவார், உள்ளே வாருங்கள் என்றார். பிறத்தியார் வீட்டுக்குள் செருப்போடு போக நாம் என்ன அநாகரிகமானவர்களா? பையன்கள் நாலு பேரும் ஷூவைக் கழற்றி வாசலில் வரிசையாக வைத்துவிட்டார்கள். நானும் கழற்றினேன்.

குலம் அண்ணன் தலையில் கை வைத்தார். "தம்பி, வீடு பார்க்க வாற இடத்தில ஒருத்தரும் சப்பாத்துக் கழட்டுறேல்லை. போடுங்கோ, போடுங்கோ."

"இருக்கட்டும் அண்ணே, மரியாதை."

அவரும் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். உள்ளே போய் அவரவர் வேலையை ஆரம்பித்தோம். குழாய் ஓடியது, சுவர் தட்டப்பட்டது, ஒருத்தன் ஜன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று பார்த்தான்.

வீட்டுக்கார அம்மாள் படியேறி வந்தார். வாசலில் நின்றார். உள்ளே பார்க்கவில்லை, கீழே பார்த்தார். பிறகு விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். ஐன்ஸ், ஸ்வை, ட்ரை. எனக்குத் தெரிந்த ஜெர்மனே எண்கள்தான் என்பதால் அவர் சொன்னது அத்தனையும் சுத்தமாகப் புரிந்தது. ஆறில் வந்து நின்றார்.

குலம் அண்ணன் ஓடிப்போய்ப் பேசினார். இவர்கள் நண்பர்கள், துணைக்கு வந்தவர்கள், குடிவரப்போவது இவரும் மனைவியும் ஒரு குழந்தையும் மட்டும்தான் என்று பதினைந்து நிமிடம் சொன்னார். அம்மாள் மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் கடிதம் வந்தது. மதிப்பிற்குரிய திரு. முனுசாமி, லைடர்.

4

நைனாவிடம் சொல்லி அழலாம் என்று போன் பண்ணினேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"அந்தம்மா பண்ணது கரெக்ட்டுடா" என்றார்.

"இன்னா நைனா நீ!"

"பின்ன? ஆறு ஜோடி செருப்பப் பாத்தா நானும்தான் குடுக்க மாட்டேன். ஒர்த்தன் வந்து ஊடு கேப்பான். உள்ள பத்து பேரு படுத்துக்கினு கெடப்பான். எனுக்குத் தெரியாதா?"

"நான் உம் புள்ள நைனா."

"புள்ளயா இருந்தா இன்னா? அவுங்க கஷ்டம் அவுங்களுக்கு. ஊட்டுக்காரனுக்குதான் தெரியும் அந்தப் பேஜாரு."

கடல் தாண்டி, மொழி தாண்டி, வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே சாதி என்று அன்று தெரிந்துகொண்டேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை. செருப்பு எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

நைனா கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தவர். தொழிற்பேட்டை வந்ததும் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றும் வேலைக்குப் போனார். சேர்த்த காசில் எங்கள் வீட்டை ஒட்டி வரிசையாகப் பத்து ரூம் கட்டி, கம்பெனிக்கு வருகிற ஒரிசா, பீகார் ஆட்களுக்கு வாடகைக்கு விட்டார். ஒரு ரூமுக்கு இரண்டு பேர் என்று சொல்லி வந்து பன்னிரண்டு பேர் தங்கி, கக்கூஸ் நிரம்பி வழிந்ததும் சட்டம் போட்டார். இனி குடும்பஸ்தனுக்கு மட்டும்தான் ரூம். காலையில் பல் விளக்கிக்கொண்டே ஒன்றாம் நம்பரிலிருந்து பத்தாம் நம்பர் வரை நடந்து, கதவுக்கு வெளியே கிடக்கும் செருப்புகளை எண்ணுவார். ஆண் செருப்பு ஒன்று, பெண் செருப்பு ஒன்று, பிள்ளைச் செருப்பு இருந்தால் ரொம்ப நல்லது. கதவைத் தட்ட மாட்டார், உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார், அந்த மரியாதை உண்டு. செருப்பு கூடிவிட்டால் அன்றைக்கே பஞ்சாயத்து.

நான் ஜெர்மனிக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்னால் சுஷாந்த் என்று ஒருத்தன் வந்தான். ஒரிசாக்காரன், வார்ப்படக் கம்பெனியில் வேலை. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அவன் ஊர் எழுத்தில் எழுதி வைத்திருந்த தமிழைப் படித்தான். "அண்ணா. எனக்கு ரூம் வேணும். நான் குடிக்காது. சத்தம் போடாது. பேமிலி கீது." அவன் தாளைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து நானும் நைனாவும் சிரித்தோம்.

"பேமிலி எங்கடா?" என்றார் நைனா.

"ஊர்ல அண்ணா. ஒய்ப், பேபி. ரூம் கெடச்சா வருது."

"வந்தப்புறம் வா, ரூம் தரேன்."

"ரூம் இல்லாம எங்க வருது அண்ணா?"

நைனாவுக்கே அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். ஒரு மாதம் டைம் கொடுத்து ஏழாம் நம்பரைத் திறந்துவிட்டார். மாதம் முடிகிற நேரத்தில் ஏழாம் நம்பர் வாசலில் பச்சை வார் வைத்த பெண் செருப்பும், ரோஸ் நிறத்தில் ஒரு குழந்தைச் செருப்பும் வந்து சேர்ந்தன. நைனா எண்ணினார், மூன்று ஜோடி. திருப்தியாகப் போய் வாய் கொப்பளித்தார். எப்போதாவது கேட்டால், ஒய்ப் வேலைக்குப் போச்சு, பேபி தூங்குது என்பான்.

ஒரு நாள் அவன் ரூம் மின்விசிறியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வெளியே வரும்போது குனிந்து பார்த்தேன். குழந்தைச் செருப்பு இரண்டையும் சேர்த்துக் கடையில் கட்டிய நூல் அறுபடாமல் அப்படியே இருந்தது. உள்ளே ஒரு பெட்டியும் ஒரு தட்டும்தான் இருந்தன.

மறுநாள் காலை நாஷ்டா சாப்பிடும்போது சொன்னேன். தமாஷாகத்தான் சொன்னேன். "ஏழாம் நம்பர் கொழந்த பறந்து போவுது போலக்குது நைனா. செருப்பு நூலுகூட அறுக்கல." சொல்லிவிட்டு நானே சிரித்தேன். இட்லியைப் பிட்ட நைனாவின் கை அப்படியே நின்றது. கஸ்தூரி சட்னிக் கரண்டியோடு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அன்று மத்தியானமே ரூம் காலி. சுஷாந்த் போனைத் திறந்து காட்டிக் கெஞ்சினான். "டிக்கெட் கீது அண்ணா. பத்தொம்போது தேதி. நெஜம் அண்ணா."

"டிக்கெட்ட வச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஆளக் காட்டு."

பெட்டி, தட்டு, பக்கெட், பாய் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தான். கடைசியாக அந்த மூன்று ஜோடியையும் எடுத்தான். யார் சொன்னது என்று அவனுக்குத் தெரியாது. ஃபேன் சரிசெய்து கொடுத்தவன் என்பதால் என்னைப் பார்த்து மட்டும் சிரித்து, "வரேன் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

5

எனக்கு வீடு வாங்கிக் கொடுத்தது நைனாதான் என்று சொல்ல வேண்டும். "நீ நல்லவன்னு சொல்லிக்கினு நிக்காத. ஊட்டுக்காரனுக்கு இன்னா வேணும்? மாசமானா டப்பு. அப்புறம் செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. அதச் சொல்லு."

மூன்றாவது மாதம் தனியாகப் போனேன். ஷூவைக் கழற்றவில்லை. வீட்டுக்காரர் மீசை வைத்த ஓய்வுபெற்ற மனிதர், வேறு ஊரில் இருப்பவர். தாளைப் பார்க்காமல் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். "நான் சுவரில் ஆணி அடிக்க மாட்டேன்." அவர் சிரித்துவிட்டார். ஆனால் நிபந்தனை போட்டார். இதற்கு முன் இருந்தவன் தனி ஆள் என்று வந்து நாலு பேரைத் தங்க வைத்திருந்தானாம். மூன்று அறை வீடு குடும்பத்துக்குத்தான். ஆறு மாதத்துக்குள் மனைவியும் குழந்தையும் வந்து சேராவிட்டால் காலி செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் அதை ஒரு வரியாகவே எழுதிவிட்டார்.

ஆறு மாதம் தாராளம் என்று நினைத்தேன். நம் ஊர் அலுவலகங்களை மறந்துவிட்டேன். நிவேதாவின் பிறப்புச் சான்றிதழில் "பெண் குழந்தை" என்று மட்டும் இருந்தது, பெயரே இல்லை. அதைச் சேர்க்கக் கஸ்தூரி ஏழு முறை அலைந்தாள். ஜெர்மன் பரீட்சை எழுத வேண்டும் என்று தினமும் கும்மிடிப்பூண்டியில் லோக்கல் ரயில் ஏறிச் சென்னைக்கு வகுப்புக்குப் போனாள். எல்லாம் சேர்ந்து விசா நேர்காணலுக்குத் தேதி கிடைத்தபோது இங்கே ஒப்பந்தம் போட்டு நான்கு மாதம் ஓடியிருந்தது.

வீட்டுக்காரர் வேறு ஊரில் இருந்தாலும் அவருடைய கண் இங்கேதான் இருந்தது. கீழ்வீட்டு ஹேகலே அம்மாள். கணவர் இல்லை, அறுபத்தெட்டு வயது, படிக்கட்டைப் பெருக்கும் முறை யாருடையது என்று பலகை மாட்டுகிறவர் அவர்தான். நான் பெருக்கினால் பின்னாலேயே வந்து விரலால் தூசி தொட்டுப் பார்ப்பார். என் வாசலில் ஒரே ஒரு ஜோடி ஷூ கிடப்பதை அவர் பார்க்காமல் இருப்பாரா?

எனக்கு வேறு வழி தெரியவில்லை. தெரிந்த ஒரே வழியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் சுஷாந்த். கடைத்தெருவுக்குப் போய்ப் பெண்கள் செருப்பு ஒன்றும், சிவப்பு ரப்பர் பூட்ஸ் ஒன்றும் வாங்கினேன். வீடியோவில் கஸ்தூரியிடம் காட்டினேன். அவள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள்.

"நூல அறுத்தீங்களா?" என்றாள்.

அறுத்தேன். அது மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும், சுஷாந்தைப் பிடித்தவனே நான் அல்லவா? புது பூட்ஸ் பளபளவென்று இருந்தால் யார் நம்புவார்கள்? மழை பெய்த ஒரு சனிக்கிழமை, எங்கள் கட்டடத்தின் பின்புறப் புல்வெளிக்குப் போய், இரண்டு கையிலும் பூட்ஸை மாட்டிக்கொண்டு, குனிந்து, சேற்றில் தப்பு தப்பென்று நடந்தேன். முப்பத்திரண்டு வயது ஆம்பளை, நாலு காலில். ஒரு குட்டையைக் கண்டதும் நிவேதா இருந்தால் குதித்திருப்பாள் என்று தோன்றியது. குதிக்கவும் வைத்தேன். அப்போது என்னை அறியாமல் அழுதுவிட்டேன். பிறகு சேற்றோடு கொண்டுபோய் வாசலில் வைத்தேன். வாரா வாரம் இதே வேலைதான்.

6

குடிவந்த ஐந்தாவது மாதம் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. மாலையில் நான் போய்க்கொண்டிருந்த ஜெர்மன் வகுப்பின் டீச்சரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் படித்துச் சொன்னார்.

"உங்கள் குடும்பம் வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி. ஆனால் மதியம் ஒன்று முதல் மூன்று வரை ஓய்வு நேரத்தில் உங்கள் குழந்தை ஓடுவதாகவும் குதிப்பதாகவும் கீழ்வீட்டிலிருந்து எழுத்துமூலம் புகார் வந்துள்ளது. கவனிக்கவும்."

குழந்தை அந்த நேரத்தில் கும்மிடிப்பூண்டியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே வந்து, தெருவில் நின்று, தனியாக வயிறு வலிக்கச் சிரித்தேன். பூட்ஸைப் பார்த்து இந்த அம்மாளுக்குக் காதில் ஓட்டச் சத்தமே கேட்க ஆரம்பித்துவிட்டது! இந்த ஊர்க்காரர்களுக்குப் புகார் சொல்லக் குழந்தைகூடத் தேவையில்லை. கஸ்தூரியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

டீச்சர் உதவியோடு மன்னிப்புக் கடிதம் எழுதி ஹேகலே அம்மாளிடம் கொடுத்தேன். "என் மகள் இனி மதியத்தில் ஓட மாட்டாள்." அவர் வாசலிலேயே நின்று முழுக்கப் படித்தார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. "நல்லது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து நான் அவருக்கு வைத்த பெயர் புகார்ப்பெட்டி. ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் அந்தப் பெயர்தான்.

குடிவந்த எட்டாவது மாதம் கஸ்தூரியும் நிவேதாவும் வந்து இறங்கினார்கள். முதல் வேலையாகச் சிவப்பு பூட்ஸைக் கழுவித் துடைத்து நிவேதாவின் காலில் மாட்டினேன். பாதி கால்கூடப் போகவில்லை. அதற்குள் பிள்ளை வளர்ந்துவிட்டது. அழுது காலை உதறினாள். பூட்ஸைத் தூக்கிப்போட மனசு வராமல் மறுபடி வாசலிலேயே வைத்தேன்.

இப்போது அவளுக்கு என்னைவிட நல்ல ஜெர்மன் வரும். தமிழ் பேசினால் ஜெர்மன்காரி தமிழ் பேசுகிற மாதிரி இருக்கும். நைனாவிடம் போனைக் கொடுத்தால், "தாத்தா, சாப்டீங்களா" என்று கேட்டுவிட்டு அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் என்னிடமே திருப்பித் தருகிறாள். அவளுடைய கேள்வியும் ஒரு தாளில் எழுதியதுபோலத்தான் இருக்கிறது. நான் யாரைக் குறை சொல்ல?

7

பதினான்கு நாள் கெடு என்பதால் நேற்று நிவேதாவை அனுப்பிச் சிவப்பு பூட்ஸைக் குப்பையில் போட்டுவிட்டு வரச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து பூட்ஸோடு திரும்பி வந்தாள்.

"அப்பா, கீழ ஹேகலே அம்மா இதைக் குப்பையில போடக் கூடாதுன்னு சொல்றாங்க. நீ இதைக் கையில மாட்டிக்கிட்டு புல்லுல நடந்தியாமே. நிஜமா?"

கஸ்தூரி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஜன்னல்லேர்ந்து பாத்தாங்களாம். முதல்ல உனக்குப் பைத்தியம்னு நினைச்சாங்களாம். கொஞ்ச நேரத்துல நீ அழுதியாம். அப்போ புரிஞ்சுதாம். அப்புறம் வீட்டுக்காரர் போன் பண்ணி, மேல குடும்பம் வந்தாச்சான்னு கேட்டாராம். ஆமான்னு சும்மா சொன்னா அவர் நம்ப மாட்டாராம், நேர்ல வந்து பாப்பாராம். அதனால குழந்தை ஓடுது, தூங்க முடியலைன்னு புகார் எழுதிப் போட்டாங்களாம். புகார்னா உடனே நம்புவாராம்." நிவேதா சிரித்தாள். "நீ மன்னிப்பு லெட்டர் குடுத்தியாமே. அதை இன்னும் வச்சிருக்காங்க. எனக்குக் காட்டினாங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது வருடமாகப் புகார்ப்பெட்டி என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

"பூட்ஸ் ஐடியா சூப்பர்ப்பா. நீயே யோசிச்சியா?" என்றாள் மகள்.

இல்லை என்றேன். சுஷாந்தைப் பற்றிச் சொன்னேன். ரோஸ் நிறச் செருப்பு, அறுபடாத நூல், இட்லி எல்லாம். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"அப்புறம் அவருக்கு வேற வீடு கிடைச்சுதா? அந்த பேபி வந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நைனாவுக்குப் போன் பண்ணினேன்.

"எந்த ஒரிசாடா? நூறு பேரு வந்தான், நூறு பேரு போனான். ஏழாம் நம்பர்ல இப்ப வேற ஆளு கீறான். இன்னாத்துக்கு இப்பக் கேக்கற?"

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். பூட்ஸ் இப்போது வீட்டுக்குள், அலமாரிமேல் இருக்கிறது. சாயங்காலம் கீழே போய் ஹேகலே அம்மாளின் மணியை அடித்தேன். கதவைத் திறந்தார். ஒன்பது வருட ஜெர்மனில் எனக்கு ஒரு வாக்கியமும் வரவில்லை. அவர் என் காலைப் பார்த்தார், படிக்கட்டைப் பெருக்கும் முறை இந்த வாரம் என்னுடையது என்றார். தலையாட்டிவிட்டு மேலே வந்து துடைப்பத்தை எடுத்தேன்.

பெருக்கும்போது யோசித்துப் பார்த்தேன். அன்று நான் ஒன்றும் பெரிய உபகாரம் செய்திருக்க வேண்டாம். சேற்றில் நடந்திருக்க வேண்டாம், கடிதம் எழுதியிருக்க வேண்டாம். "ஏழாம் நம்பர் கொழந்த ஓடிக்கினே கீது நைனா, தூங்கவே முடியல" என்று ஒரே ஒரு புகார் சொல்லியிருந்தால் போதும், பத்தொன்பதாம் தேதிவரை அவர் நம்பியிருப்பார். என் வாயிலிருந்து வந்தது இட்லித் துணுக்கும் சிரிப்பும்தான்.